நோர்வே மாப்பிள்ளையின் பதவி உயர்வுகள்

சிவகௌரியை நோர்வேக்குப் போய்ப் படிக்க வீட்டில் விட்டதற்குக் காரணம் ஒரு மாப்பிள்ளை. அதுவும் அவளுக்குப் பேசிய மாப்பிள்ளை இல்லை. அவளுடைய அக்கா தவமலருக்குப் பேசியவர்.

1993ஆம் ஆண்டு தொடக்கத்தில் சிவகௌரிக்கு இருபத்திரண்டு வயது. லண்டனில் ஒரு கல்லூரியில் இரசாயனவியல் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். மாசி மாதம் ஒரு நாள் அறிவித்தல் பலகையில் ஒரு தாளைக் கண்டாள். மாணவர் பரிமாற்றத் திட்டம். மூன்றாம் வருடத்தை நோர்வேயில் பேர்கன் பல்கலைக்கழகத்தில் படிக்கலாம், திரும்பி வந்து நாலாம் வருடத்தில் பட்டம் முடிக்கலாம். கடல்நீரில் எவ்வளவு உலோகம் கலந்திருக்கிறது என்று அளக்கிற ஆய்வு. ஓர் இடம்தான் இருந்தது. அவளோடு விண்ணப்பித்த ஆங்கிலேயப் பெடியன், பேர்கனில் வருடத்தில் முக்கால்வாசி நாளும் மழை என்று யாரோ சொல்லக் கேட்டு விலகிக்கொண்டான். சிவகௌரி லண்டன் பிளேஸ்டோவில் ஏழு வருடம் இருந்தவள். மழை அவளுக்கு ஒரு காரணமாகத் தெரியவில்லை.

வீட்டில் அண்ணன் குலசேகரம் ஒரே சொல்லில் முடித்தார்.

"வேண்டாம்."

"ஏன் அண்ணை?"

"இஞ்சை இல்லாத யூனிவேர்சிற்றியோ அங்கை இருக்கு? உலகம் முழுக்க லண்டனுக்குப் படிக்க வருது. இவ லண்டனிலை இருந்து மீன் பிடிக்கிற ஊருக்குப் போறாவாம்."

குலசேகரம் 1979இல் கணக்கியல் படிக்க லண்டன் வந்தவர். இப்போது ஒரு பெற்றோல் நிலையத்தின் மனேஜர். தாய் தகப்பன் இரண்டு பேரும் போன பிறகு, 1986இல் தங்கைமார் இருவரையும் இங்கே எடுப்பித்தவர் அவர்தான். அந்த வீட்டில் அவர் சொன்னால் சொன்னதுதான். அவருடைய மனைவி அடுப்படியில் நின்றபடி, "பிள்ளை ஆசைப்படுது, யோசிச்சுச் சொல்லுங்கோவன்," என்றாள். யோசித்துத்தான் சொன்னேன் என்றார்.

தவமலர் கோப்பைகளை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள். அவள் சிவகௌரியை விடப் பதினொரு வயது மூத்தவள். ஊரில் விஞ்ஞானப் பிரிவில் உயர்தரம் எழுதி, அந்த வருட வெட்டுப்புள்ளிக்கு நாலு மார்க் குறைந்து பல்கலைக்கழகத்தைத் தவறவிட்டவள். லண்டன் வந்த இரண்டாம் மாதமே ஓர் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். பெரிய இயந்திரத்தில் இருந்து சூடாக வருகிற படுக்கை விரிப்புகளை இரண்டு பேர் எதிரெதிரே நின்று மடிக்க வேண்டும். ஏழு வருடமாக அதைத்தான் செய்தாள். சிவகௌரி பள்ளியில் படித்த காலத்தில் ஆசிரியர்களைப் பார்க்கக் கூப்பிட்டால் வேலை உடுப்போடு நேரே போய் முன்வரிசையில் இருந்தவள் அவள்தான். அண்ணனுக்கு ஷிப்ட் இருக்கும்.

முப்பத்து மூன்று வயதாகியும் தவமலருக்குக் கலியாணம் சரிவரவில்லை. இரண்டு இடம் சாதகத்தில் போனது. மூன்றாவது இடம், ஹரோவில் ஒரு குடும்பம், சாதகம் பொருந்தி, பெண்ணையும் பார்த்து, பலகாரமும் சாப்பிட்டுவிட்டுப் போன பிறகு, "பெண் ஆஸ்பத்திரியிலை உடுப்புத் தோய்க்கிறாவாமே" என்று ஆளைவிட்டுச் சொல்லி நிறுத்தியது.

அன்றிலிருந்து குலசேகரம் வீட்டில் ஒரு சட்டம் போட்டார். யார் கேட்டாலும், "தவமலர் ஆஸ்பத்திரியிலை வேலை" என்று மட்டும் சொல்ல வேண்டும்.

"பொய் இல்லைத்தானே," என்றார்.

கேட்டவர்கள், "ஓ, நேர்ஸோ?" என்பார்கள். அந்த நேரம் பார்த்து குலசேகரத்துக்குச் சப்பாத்துக் கயிறு அவிழ்ந்துவிடும். குனிந்து கட்டிக்கொண்டிருப்பார்.

பங்குனியில் வெம்பிளியிலிருந்து சபாரத்தினம் மாஸ்டர் போன் எடுத்தார். ஊரில் கணக்குப் படிப்பித்தவர். ஓய்வு பெற்றுப் பிள்ளைகளோடு வந்திருந்து, சாதகங்களை ஒரு பிஸ்கற் ரின்னுக்குள் போட்டு வைத்துப் பொருத்தம் பார்ப்பவர்.

"குலசேகரம், ஒரு பெடியன் இருக்கு. நோர்வேயிலை, பேர்கன் எண்ட இடம். பரமேஸ்வரன் எண்டு பேர். முப்பத்தெட்டு வயசு. எட்டுப் பொருத்தம் இருக்கு. யூனிவேர்சிற்றியிலை வேலை."

யூனிவேர்சிற்றியில் என்ன வேலை என்று குலசேகரம் கேட்கவில்லை. அப்படிக் கேட்பது மரியாதை இல்லை என்பது ஒரு காரணம். நாங்கள் துருவினால் அவர்களும் ஆஸ்பத்திரியில் என்ன வேலை என்று துருவுவார்கள் என்பது மற்றது. மாஸ்டரும் அதற்கு மேல் சொல்லவில்லை. அவருக்கும் அதற்கு மேல் தெரியாது.

அன்று இரவுச் சாப்பாட்டில் குலசேகரம் சோற்றைப் பிசைந்தபடி கேட்டார்.

"இவள் போறன் எண்டு துள்ளின இடத்துக்கு என்ன பேர்?"

"பேர்கன்," என்றாள் சிவகௌரி.

"சரி, போகட்டும்."

அகதியாக வந்த ஒருத்தி படிக்கப் போவதற்கு உள்நாட்டு அமைச்சின் பயணப் பத்திரம் வேண்டும், அந்தப் பத்திரத்தில் நோர்வேயின் விசா வேண்டும், திரும்பி வர விடுவோம் என்று இங்கிலாந்தின் எழுத்து வேண்டும். இதற்கெல்லாம் குலசேகரமே லீவு போட்டுவிட்டு வரிசைகளில் நின்றார். ஆவணியில் ஹீத்ரோவுக்குக் கொண்டுபோய் விட்டபோது சொன்னார்:

"படி. ஆனா கண்ணையும் திறந்து வைச்சிரு. குடி இருக்கோ, முந்தி ஏதும் பொம்பிளைத் தொடுசல் இருக்கோ, என்ன மாதிரிக் கூட்டாளிமார், எல்லாம் விசாரிச்சு வடிவா எழுது. வேலையைப் பற்றி விசாரிக்கத் தேவையில்லை. அது லெக்சரர்தான்."

தவமலர், "தலையை ஈரத்தோட விட்டிட்டுத் திரியாதை," என்று மட்டும் சொன்னாள்.

பேர்கனில் சொன்னபடியே மழை பெய்தது. மலைச்சரிவில் மரவீடுகள், கீழே துறைமுகம், எந்தப் பக்கம் நடந்தாலும் ஏற்றம். மாணவர் விடுதியில் ஒரு சிறிய அறை கிடைத்தது. வந்த மூன்றாம் நாள் சிவகௌரி பல்கலைக்கழக வாசலில் தொங்கிய பெயர்ப் பட்டியலை மேலிருந்து கீழாக வாசித்தாள். பரமேஸ்வரன் என்று ஒரு விரிவுரையாளர் இல்லை. வேறு பீடமாக இருக்கும் என்று நினைத்தாள்.

இரண்டாம் கிழமை, ஆய்வுகூடத்தில் இருந்து போத்தல்களைக் கழுவுகிற அறைக்குப் போனாள். நீல மேலங்கி போட்ட ஒருவர், முழங்கை வரை கையுறையோடு, அமிலத் தொட்டிக்குள் இருந்து போத்தல்களை ஒவ்வொன்றாக எடுத்து வடிகட்டிய நீரில் அலசிக்கொண்டிருந்தார். மூலையில் துடைப்பமும் வாளியும் நின்றன. அவர் திரும்பிப் பார்த்துத் தமிழில் கேட்டார்.

"நீங்கள் சபாரத்தினம் மாஸ்டர் சொன்ன பிள்ளையோ? லண்டனிலை இருந்து?"

"ஓம்," என்றாள் சிவகௌரி. "நீங்கள்?"

"நான்தான் பரமேஸ்வரன். நில்லுங்கோ, கையைக் கழுவிப்போட்டு வாறன்."

அவர் எதையும் மறைக்கவில்லை. காலையில் இரண்டு மாடி நிலம் துடைக்க வேண்டும், பத்து மணிக்குப் பிறகு இந்த அறை. 1985இல் ஒரு சிறிய கல்லூரியில் ஒரு வருடப் படிப்புக்கு என்று நோர்வேக்கு வந்தவர். பிறகு வடக்கே, குளிர்காலத்தில் இரண்டு மாதம் சூரியனே எழும்பாத ஊரில், மூன்று வருடம் மீன் வெட்டினார். அதற்குப் பிறகு இங்கே. எல்லாவற்றையும் அவள் கேட்காமலே, ஒரு பஸ் வழித்தடத்தைச் சொல்வது போலச் சொன்னார்.

சிவகௌரிக்குத் தேத்தண்ணி கொடுத்தார். அவள் குடித்தாள். என்ன சுவை என்று தெரியவில்லை.

அந்தக் கிழமை முழுக்க அவளுக்கு ஆய்விலும் மனம் நிற்கவில்லை. கடல்நீரை அளந்தால் நாகம், அதாவது துத்தநாகம், கண்டபாட்டுக்குக் கூடியிருப்பதாக இயந்திரம் காட்டியது. பேராசிரியர் தாளைப் பார்த்துவிட்டு, இந்த எண் உண்மை என்றால் எங்கள் துறைமுகத்தில் மீன் எல்லாம் தகரமாகியிருக்கும் என்று சிரித்து, "போய்ப் பரமிடம் கேள்," என்றார். பரமேஸ்வரன் அவளுடைய கையைப் பார்த்தார்.

"உந்தக் கையுறை பவுடர் போட்டது. பவுடரிலை நாகம் இருக்கு. போத்தலை எத்தினை நாள் அமிலத்திலை வைச்சனீங்கள்?"

"ஒரு நாள்."

"ஒரு கிழமை வேணும், தங்கச்சி. அவசரப்பட்டா இது சரிவராது."

பதினொன்றரைக்கு எல்லாரும் ஒரு மேசையில் சாப்பிட்டார்கள். பேராசிரியர், ஆராய்ச்சி மாணவர்கள், பரமேஸ்வரன். ஆளாளுக்கு வீட்டிலிருந்து பாண் கொண்டுவந்தார்கள். பரமேஸ்வரன் பாணுக்குள் சம்பல் வைத்துக்கொண்டு வருவார். பேராசிரியர் அதில் ஒரு துண்டைக் கேட்டு வாங்கிக் கண்ணில் நீர் வரச் சாப்பிடுவார். மேசை துடைக்க முறை வைத்திருந்தார்கள். பேராசிரியரின் முறை வந்தால் பேராசிரியர் துடைத்தார். சிவகௌரி முதல் நாள் பதறிப்போய் எழும்பி அவர் கையிலிருந்த துணியை வாங்கப் போனாள். "உன் முறை வெள்ளிக்கிழமை," என்றார் அவர்.

பரமேஸ்வரனைப் பற்றி விசாரிக்கவும் செய்தாள். பேர்கனில் இருந்த பத்துப் பன்னிரண்டு தமிழ்க் குடும்பங்களில் யாரைக் கேட்டாலும் நல்ல சொல்தான் வந்தது. குடி இல்லை. மொழி நன்றாகப் பேசுவார், எல்லாருக்கும் கடிதம் வாசித்துச் சொல்வார், ஆஸ்பத்திரிக்குத் துணையாகப் போவார். அவருக்கு முன்கோபம் இருக்கிறது என்று ஒரு பெண் சொன்னாள். கேட்டால், அவளுடைய புருசனைச் சீட்டாட்டத்திலிருந்து இழுத்து வந்தவர் அவர்தான் என்று தெரிந்தது.

கடிதம் எழுத உட்கார்ந்தபோதுதான் சிக்கல். பேராசிரியர் மேசை துடைக்கிற கதையைப் பிளேஸ்டோவில் யாருக்கு விளங்கப்படுத்துவது? கழுவுகிறார், துடைக்கிறார் என்று எழுதினால் அண்ணன் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு மாஸ்டருக்கு போன் எடுப்பார். அத்தோடு முடிந்தது. அக்காவுக்கு இன்னோர் இடம் எப்போது வரும்? வந்தாலும் இப்படி ஒரு மனிதன் வருவானா? அதோடு, அவளே தன்னிடம் ஒப்புக்கொள்ளாத இன்னொன்றும் இருந்தது. அக்காவின் புருசன் வாளியோடு நிற்கிறதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அக்கா ஏழு வருடம் விரிப்பு மடித்தது போதாதா?

மூன்று நாள் எழுதினாள். மூன்று பக்கம். ஒரு வரியைத் தவிர எல்லாம் உண்மை. அந்த வரி: "எங்கள் ஆய்வுகூடத்தில் ஆய்வுகூட உதவியாளராக இருக்கிறார்."

ஊரில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் ஆய்வுகூட உதவியாளர் என்றால் அரசாங்க உத்தியோகம். அது போதும் என்று நினைத்தாள்.

கடிதம் போய்ச் சேர்ந்ததும் பரமேஸ்வரனுக்கு லண்டனில் பதவி உயர்வுகள் தொடங்கின. குலசேகரம் கடிதத்தை உரக்க வாசித்து, "அசிஸ்ரன்ற் எண்டா அங்கை அசிஸ்ரன்ற் லெக்சரர். சின்னப்பிள்ளைக்கு உது விளங்காது," என்றார். அந்த வெள்ளிக்கிழமை மனோர் பார்க் முருகன் கோயிலில் உதவி விரிவுரையாளராக இருந்தவர், அடுத்த வெள்ளிக்கிழமை விரிவுரையாளர் ஆனார். நவராத்திரிக்குள் யாரோ அவருக்கு டொக்டர் பட்டமும் கொடுத்துவிட்டார்கள். மச்சாள், அதாவது குலசேகரத்தின் மனைவி, போனில் இதைச் சொல்லிச் சிரித்தாள்.

"உன்ரை அண்ணை இப்ப கோயிலிலை முன்னுக்குப் போய் நிண்டுதான் கும்பிடுறார். கெதியாப் படிச்சிட்டு வா. மாப்பிள்ளை புரொபெஸர் ஆகிறதுக்குள்ளை கலியாணத்தை முடிக்க வேணும்."

சிவகௌரிக்குச் சிரிப்பு வரவில்லை.

ஐப்பசியில் மாஸ்டர் ஏற்பாட்டில் தவமலரும் பரமேஸ்வரனும் ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் கதைக்கத் தொடங்கினார்கள். முதல் திங்கட்கிழமை சிவகௌரி கழுவுகிற அறை வாசலில் நின்றாள்.

"அண்ணை, அக்கா என்ன கதைச்சவா?"

"கனக்கக் கதைச்சவா."

"வேலையைப் பற்றி ஏதும் கேட்டவாவோ?"

"கேட்டவா."

"என்ன சொன்னீங்கள்?"

பரமேஸ்வரன் ஒரு போத்தலை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். "நல்லாப் போகுது எண்டன்."

அவளுக்கு மூச்சு வந்தது.  அவர் போத்தலைத் தட்டில் வைத்துவிட்டு அவளைப் பார்த்தார்.

மார்கழியில் நத்தார் விடுமுறைக்குச் சிவகௌரி லண்டன் வந்தாள். வீட்டுக்குள் காலடி வைத்ததும் குலசேகரம் அவள் கையில் ஒரு மஞ்சள் அட்டையைத் தந்தார். சித்திரையில் கலியாணம். பிளேஸ்டோவில் ஒரு தேவாலய மண்டபம் எடுத்தாயிற்று. இது அழைப்பிதழின் மாதிரி. திங்கட்கிழமை அச்சகத்துக்குப் போகிறது.

"திருநிறைச்செல்வன் பரமேஸ்வரன், விரிவுரையாளர், பேர்கன் பல்கலைக்கழகம், நோர்வே" என்று தங்க எழுத்தில் இருந்தது.

"டொக்டர் எண்டு போடுவமோ எண்டு யோசிச்சனான்," என்றார் குலசேகரம். "ஆனா நாங்கள் கண்ணாலை காணாததைப் போடக்கூடாது."

அடுத்த நாள் காலை குலசேகரம் வேலைக்குப் போன பிறகு, அடுப்படியில் தவமலர் லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தாள். சிவகௌரி எதிரே இருந்து உள்ளி உரித்தாள்.

"கலியாணக் காட்டைப் பாத்தனியோ?" என்று கேட்டாள் தவமலர்.

"பாத்தன்."

"எல்லாம் சரியோ?"

உள்ளித் தோல் நகத்துக்குள் ஏறியது. "எழுத்துப் பிழை ஒண்டும் இல்லை," என்றாள் சிவகௌரி.

"ம்."

தவமலர் வெட்டிய லீக்ஸைத் தண்ணீரில் போட்டு மண் போக அலசினாள். வடித்தாள். இன்னொரு முறை அலசினாள். திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"வேறை சொல்ல ஒண்டும் இல்லையோ?"

"அக்கா..."

"சொல்லு."

"அவர் லெக்சரர் இல்லை."

"உதவியாளர் எண்டுதானே நீ எழுதினனீ."

"உதவியாளரும் இல்லை." சிவகௌரி உள்ளியைக் கீழே வைத்தாள். "போத்தல் கழுவுறவர். நிலம் துடைக்கிறவர். நான்தான்... அண்ணை நிப்பாட்டிப் போடுவார் எண்டு... நல்ல மனுசன் அக்கா. நான் பொய்தான் எழுதினனான்."

தவமலர் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே வந்து இருந்தாள்.

"எனக்குத் தெரியும்."

"எப்ப?"

"முதல் ஞாயிற்றுக்கிழமை. முதல் அஞ்சு நிமிசம். அந்தாள் என்னட்டை, வார்ட்டிலை நைற் டியூற்றி கஸ்ரமோ எண்டு கேட்டார். மாஸ்டர் என்னை நேர்ஸ் எண்டு சொல்லி வைச்சிருக்கிறார். நான் சொன்னன், ஐயா, நான் நேர்ஸ் இல்லை, பெட்சீற் மடிக்கிறனான் எண்டு. கொஞ்ச நேரம் சத்தமில்லை. வைச்சிட்டார் எண்டு நினைச்சன். பாத்தா, சிரிக்கிறார். நான் நிலம் துடைக்கிறனான், உங்களுக்கு ஆரும் சொல்லேல்லையோ எண்டு கேட்டார்." தவமலருக்கு உதட்டோரம் சிரிப்பு வந்து போனது. "பேந்து ஒரு மணித்தியாலம் சோப்பைப் பற்றிக் கதைச்சம்."

சிவகௌரிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "அப்ப ஏனக்கா எனக்குச் சொல்லேல்லை? அவரும் சொல்லேல்லை."

"நான்தான் சொல்ல வேண்டாம் எண்டனான். நீ எப்ப சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தன்." சிரிப்பு போய்விட்டது. "மூண்டு மாசம் சிவகௌரி. முகம் பாத்திராத மனுசன் அஞ்சு நிமிசத்திலை உண்மையைச் சொன்னார். நீ என்ரை கையிலை வளந்தனீ."

"நீங்கள் வேண்டாம் எண்டிடுவியளோ எண்டு பயந்தனான்."

"ஏன் வேண்டாம் எண்டுறன்? நான் என்ன வேலைக்குப் போறன்?"

சிவகௌரி மேசையில் கிடந்த உள்ளித் தோலைக் கூட்டினாள்.

"ஹரோக்காரர் சொல்லி அனுப்பினது எனக்கு அவ்வளவு வலிக்கேல்லை," என்றாள் தவமலர். "அவை பிறத்தி ஆக்கள். நீ அந்த வேலையை எழுதக் கூச்சப்பட்டாய் பார், அதுதான். அப்ப என்னைப் பற்றி உன்ரை கூட்டாளிமாருக்கு என்ன சொல்லி வைச்சிருக்கிறாய்?"

ஆஸ்பத்திரியில் வேலை என்றுதான் சொல்லி வைத்திருந்தாள். அதைச் சொல்லாமல் இருந்தாள். சொல்லாமலே தவமலருக்கு விளங்கியது. எழும்பிப் போய் அடுப்பை மூட்டினாள். அன்று முழுக்க இரண்டு பேரும் அவசியத்துக்கு மட்டும் கதைத்தார்கள்.

மாலையில் குலசேகரம் வந்து கால் கழுவி, தேத்தண்ணி குடித்து முடியும் வரை தவமலர் பொறுத்திருந்தாள். பிறகு சிவகௌரியைப் பார்த்து, "சொல்லு," என்றாள்.

சிவகௌரி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். கழுவுகிற அறை, வாளி, துடைப்பம், கடிதத்தில் தான் எழுதிய வரி. குலசேகரத்தின் முகம் கறுத்தது. அழைப்பிதழ் மாதிரியை எடுத்து மேசையில் போட்டார்.

"நான் ஊர் முழுக்கச் சொல்லிப் போட்டன். கோயிலிலை என்னெண்டு முகம் காட்டுறது? மாஸ்டருக்கு போன் எடுக்கிறன். இது சரிவராது."

"அண்ணை," என்றாள் தவமலர், "நீங்கள் என்னை நேர்ஸ் எண்டு அனுப்பினீங்கள். அந்தாள் போன் எடுத்து, சரிவராது எண்டு சொல்லேல்லை."

"நான் நேர்ஸ் எண்டு ஒரு நாளும் சொல்லேல்லை!"

"இல்லை எண்டும் சொல்லேல்லை."

"உனக்கு ஒரு நல்ல இடம் அமைய வேணும் எண்டுதானே..."

"எனக்கு இந்த இடம் நல்லாத்தான் இருக்கு. அவரைத்தான் கட்டுறன். நீங்கள் நிண்டு செய்து வைச்சா சந்தோசம். ஏலாது எண்டா ரெஜிஸ்ரர் ஒபிஸிலை செய்யிறம்."

முப்பத்து மூன்று வருடத்தில் தவமலர் அண்ணனுக்கு எதிர்த்துக் கதைத்தது அதுதான் முதல் தரம். குலசேகரம் மனைவியைப் பார்த்தார், ஒரு ஆதரவுக்காக. அவள் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னை என்னத்துக்குப் பாக்கிறியள்?" என்றாள். "எனக்குக் கலியாணம் பேசேக்கை, மாப்பிள்ளை லண்டனிலை எக்கவுண்டன் எண்டுதான் என்ரை ஐயாவுக்குச் சொன்னவை. வந்து இறங்கினா, நீங்கள் பெற்றோல் ஷெட் ரில்லிலை காசு வாங்கிக்கொண்டு நிக்கிறியள். நான் என்ன, அடுத்த பிளேன்லை ஏறிப் போனனானே?"

குலசேகரத்துக்கு அவிழ அன்று சப்பாத்துக் கயிறும் இல்லை. வீட்டுச் செருப்போடு இருந்தார். எழும்பிப் பின்வளவுக்குப் போனார். குளிரில் கால் மணித்தியாலம் நின்றார். உள்ளே வந்து மேசையில் கிடந்த மாதிரியை எடுத்து, பேனையால் ஒரு கோடு இழுத்தார். விரிவுரையாளர், பல்கலைக்கழகம், இரண்டும் போயின. பெயரும் நாடும் மிஞ்சின. "இவ்வளவு போதும்," என்றார். யாரையும் பார்க்காமல் சொன்னார்.

தைமாதம் சிவகௌரி பேர்கன் திரும்பினாள். போன முதல் நாளே கழுவுகிற அறைக்குப் போய், பரமேஸ்வரனிடம் தான் எழுதிய கடிதத்தைப் பற்றிச் சொல்லி மன்னிப்புக் கேட்டாள்.

"உதவியாளரோ?" என்றார் அவர். "அவ்வளவுதானோ? லண்டனிலை இருந்து வந்த ஒருத்தர் என்னட்டைத் தன்ரை மகளுக்கு யூனிவேர்சிற்றியிலை இடம் எடுத்துத் தரச் சொல்லிக் கேட்டவர். நீங்கள் புரொபெஸர் எண்டு எழுதிப்போட்டியளோ எண்டு பயந்துபோனன்." பிறகு போத்தல் தட்டை அவளிடம் நீட்டினார். "இதைப் பிடியுங்கோ. அக்காவுக்கு உங்களிலை கோவம் இருக்கு. ஆனா ஒவ்வொரு ஞாயிறும் முதல் கேள்வி, தங்கச்சி சாப்பிடுறாளோ எண்டுதான்."

"சரி அத்தான்," என்றாள் அவள். அண்ணை என்று கூப்பிட்டு வந்தவள், அன்றுதான் முதல் தரம் அப்படிக் கூப்பிட்டாள். அவர் திரும்பித் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார், காது சிவந்திருந்தது.

அந்தப் பருவம் அவள் நன்றாக வேலை செய்தாள். நாகத்தின் எண்கள் ஒழுங்குக்கு வந்தன. பேராசிரியர், பட்டம் முடித்த பிறகு ஆராய்ச்சிக்கு வரச் சொன்னார். யோசிக்கிறேன் என்றாள். அக்காவோடு போனில் கதைத்தபோது அக்கா படிப்பைப் பற்றிக் கேட்டாள், காலநிலையைப் பற்றிக் கேட்டாள். பழையபடி, "எடியேய்" என்று கூப்பிடுகிற தவமலர் இன்னும் திரும்பி வரவில்லை. வரவழைக்கத் தன்னால் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை என்று சிவகௌரிக்குத் தெரிந்தது.

சித்திரையில் கலியாணம். தேவாலய மண்டபத்தின் மேடையில் மணவறை வைத்து, சுவரில் இருந்த சிலுவைக்கு முன்னால் ஒரு பட்டுத் திரை கட்டியிருந்தார்கள். பரமேஸ்வரன் நோர்வேயிலிருந்து நாலு நண்பர்களோடு வந்திருந்தார். குலசேகரம் வாசலில் நின்று எல்லாரையும் வரவேற்றார். மாப்பிள்ளையைப் பற்றி யாராவது தொடங்கினால், "சாப்பிட்டியளோ?" என்று கேட்டார். அவரிடம் அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

தாலி கட்டி முடிந்து, வந்தவர்கள் மேடைக்கு ஏறி அறுகரிசி போட்டு வாழ்த்திக்கொண்டிருந்தார்கள். சிவகௌரி அக்காவுக்குப் பக்கத்தில் தட்டோடு நின்றாள். கோயிலில் தெரிந்த ஒரு மாமி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மாப்பிள்ளையை நன்றாகப் பார்த்தார். பிறகு சிவகௌரியைப் பார்த்தார்.

"நீதானே பிள்ளை அங்கை படிக்கிறனீ? உன்னைக் கேட்டாத்தான் சரியாத் தெரியும். சிலபேர் லெக்சரர் எண்டுகினம், சிலபேர் டொக்டர் எண்டுகினம். அத்தான் என்ன வேலை?"

மேடைக்குக் கீழே குலசேகரம் திரும்பினார். பரமேஸ்வரன் மாலையைச் சரிசெய்தார். தவமலர் குனிந்த தலையோடு இருந்தாள். ஆனால் அவளுடைய கண் பக்கவாட்டில் தங்கையின் மேல் நின்றது.

"ஆய்வுகூடத்திலை போத்தல் கழுவுறவர் மாமி," என்றாள் சிவகௌரி. குரல் அவள் நினைத்ததை விடப் பெரிதாக வந்தது. "காலமை ரெண்டு மாடி நிலம் துடைக்கிறவர். அவர் கழுவின போத்தல் இல்லாட்டி என்ரை படிப்பு நடக்காது. அக்கா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்திலை வேலை."

கீழே நின்ற இரண்டு மூன்று பேர் கதையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்கள். மாமி யோசித்தார்.

"நிரந்தரமோ?"

"என்ன மாமி?"

"வேலை நிரந்தரமோ எண்டு கேக்கிறன். இல்லாட்டி கொன்ராக்ற்றோ?"

"நிரந்தரம்."

"பென்சன் இருக்கோ?"

சிவகௌரி பரமேஸ்வரனைப் பார்த்தாள். அவர் தலையாட்டினார். "இருக்கு மாமி."

"பேந்தென்ன, கவுண்மேந்து வேலை," என்றார் மாமி. அறுகரிசியை எடுத்து இருவர் தலையிலும் போட்டார். "என்ரை மருமோன் பெரிய கொம்பனியிலை மனேஜர் எண்டு சொல்லிக் கட்டி வைச்சம். போன மாசம் கொம்பனியே இல்லை." கீழே இறங்கப் படியைத் தேடினார். "சாப்பாடு எந்தப் பக்கம் பிள்ளை?"

சிவகௌரி கையால் காட்டினாள். தட்டு சரிந்து, அதில் இருந்த அறுகும் அரிசியும் கொஞ்சம் மேடையில் சிந்தின.

"எடியேய்," என்றாள் தவமலர் மெதுவாக, மாலைக்குப் பின்னாலிருந்து. "தட்டை நேராப் பிடி."